பரீட்சைப் புள்ளிகளும் பாடசாலை முன்னேற்றமும்

பரீட்சைப் புள்ளிகள் பாடசாலையின் முன்னேற்றத்திற்கு உதவுமா என்னும் வினாவுக்குரிய விடை, அப்புள்ளிகள் எந்நோக்கத்துடன் ஆராயப்படுகின்றன என்பதிலேயே தங்கியுள்ளது. இங்கிலாந்தின் கல்வி வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

தொடக்கப் பாடசாலைகளிற் பயிலும் பிள்ளைகள் பலர் எழுத்தையும் எண்ணையும் செவ்வனே கல்லாது வெளியேறுகின்றனர் என நியூகாசில் ஆணைக்குழு 1861 இல் அறிக்கை செய்தது. அக்குறையைத் தீர்க்க முற்பட்ட றொபேட் லோ, பெறுபேற்றுக்கேற்ற கொடை முறையை 1862 இல் வகுத்தார். வாசிப்பு, எழுத்து, கணிதம் ஆகிய மூன்றில் ஒரு பிள்ளை தவறும் ஒவ்வொன்றுக்கும் பாடசாலை 2 சிலிங் 8 பென்ஸ் இழந்தது. விளைவு யாது? பிள்ளைகள் வாசிப்பு நூலை மனனஞ் செய்து, பொருளுணராமலே சித்தியெய்தக்கூடும் என்பதைப் பாடசாலைப் பரிசோதகராயிருந்த கவிஞர் மத்தியூ ஆணல்ட் எடுத்துக்காட்டிக் கண்டித்தார். சித்தி கல்விக்குச் சான்றாகாது போயிற்று. 1890 களில் அம்முறை அங்குக் கைவிடப்பட்டது. இலங்கையிலும் 1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைந்தபின், நன்கொடை பெறும் பாடசாலைகளில் அது சில காலம் வழங்கிற்று.

இன்று கொடை புள்ளியைத் தொடர்வதில்லை. புகழும் பழியுமே தொடர்கின்றன. ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையில் வெட்டுப்புள்ளியைக் கடந்தோர் தொகைகொண்டு பாடசாலையை மதிப்பிடும் வழக்கம் லோவின் பிழையையே மீளச் செய்வதாகும். இருபது பேர் பயிலும் வகுப்பில் ஒரு பிள்ளை தவறினும் சித்தி வீதம் நூற்றுக்கு ஐந்து குறையும். மேலும், சென்ற ஆண்டுப் பிள்ளைகள் வேறு. இவ்வாண்டுப் பிள்ளைகள் வேறு. இவ்வெண்ணை மாத்திரங் கொண்டு கற்பித்தல் உயர்ந்தது, தாழ்ந்தது எனல் பொருந்தாது.

எனினும், புள்ளிகளே வேண்டா என்பார் கூற்றும் ஏற்புடைத்தன்று. 52 இலிருந்து 27 ஐக் கழிக்குமாறு கேட்டவிடத்து ஒரு மாணவன் 35 எனவும், மற்றொருவன் 26 எனவும் எழுதுகின்றனர் எனக் கொள்வோம். இருவர்க்கும் கிடைப்பது பூச்சியமே. ஆயின் முன்னவன் 2 இலிருந்து 7 ஐக் கழிக்க இயலாமையால் 7 இலிருந்து 2 ஐக் கழித்துள்ளான். பத்தைப் பிரித்தெடுக்கும் முறை அவனுக்கு விளங்கவில்லை. பின்னவனோ முறையறிந்தும் எண்ணுகையில் வழுவினான் போலும். வகுப்பிற் பாதிப்பேர் 35 என எழுதின் அப்பாடத்தை மீளக் கற்பித்தல் வேண்டும். மேல்வகுப்பிலும் அவ்வழுவே தோன்றின் கீழ்வகுப்புக் கற்பித்தலை ஆராய்தல் வேண்டும். மொத்தப் புள்ளி மறைப்பதை விடைத்தாள் காட்டுகின்றது.

நோயை மாத்திரமன்றி அதன் காரணத்தையும் ஆராய்தலே மருத்துவன் கடன் என வள்ளுவர் மருந்து அதிகாரத்தில் உணர்த்தினார். ஆசிரியர்க்கும் அது பொருந்தும். ஆனால், நோயைக் காட்டியவன் தண்டிக்கப்படுவானாயின், நோய் மறைக்கப்படும். ஆகவே, வழுவை அறிதற்கென எடுக்கும் புள்ளி, பழி கூறுதற்குக் கருவியாதல் கூடாது. அதிபரும் ஆசிரியரும் இவ்வுறுதியை முதற்கண் மேற்கொள்வாராயின், புள்ளிப்பதிவேடு பாடசாலைக்கு உண்மையான வழிகாட்டியாகும்.