பழைய படிக்குத் தேக்குப் பலகை

சிமெண்டுப் படிகளுக்குத் தேக்குப் பலகை பொருத்துவதை ஆடம்பரம் என்று ஒதுக்குபவர்கள் அந்த வேலையின் கணக்கைக் கவனிப்பதில்லை. ஒவ்வொரு படியிலும் 25 மி.மீ. பலகை ஏறினால் நடுப்படிகளின் உயரம் மாறாது. முதல் படி மட்டும் அவ்வளவு உயரும், மாடியை எட்டும் கடைசிப் படி அவ்வளவு தாழும். கால் ஒரே சீரான உயரத்தை நம்பியே ஏறுகிறது. அது மாறும் இடத்தில்தான் தடுக்கும். ஆகவே நல்ல ஆசாரி மரத்தைத் தொடுமுன் இரு தளங்களையும் அளக்கிறார். தேவையென்றால் பழைய மொசைக்கைக் கொத்தி எடுக்கச் சொல்கிறார். மரம் நீளவாக்கில் அநேகமாக அசையாது. அகலவாக்கில் ஐப்பசி ஈரத்தில் உப்பும், சித்திரையில் சுருங்கும். அதற்காகப் பலகையின் பின்விளிம்பில் அவர் விடும் மெல்லிய இடைவெளி, நிற்கும் பலகைக்குப் பின்னால் மறைந்துவிடும். எனக்கு இந்த வேலையிலேயே மிகவும் பிடித்தது கண்ணுக்குத் தெரியாத அந்த இடைவெளிதான்.

டைல்ஸ் மலிவு, கரையானும் அரிக்காது என்பார்கள். உண்மைதான். ஆனால் விளிம்பு உடைந்த டைல்ஸை மாற்றத்தான் முடியும். தேய்ந்த தேக்கை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் புதிதாக்கலாம். மேலே மெல்லிய மரத்தோல் மட்டும் ஒட்டிய பலகைக்கு அந்த வாய்ப்புக் குறைவு. தேக்கின் வைரத்தைக் கரையான் எளிதில் அண்டாது; வெளிறிய வெளிமரத்தைத் தின்னும், அதைக் கழித்தே வாங்க வேண்டும். வழுக்குமே என்றால், பளபளப்பில்லாத மேட் பூச்சு இருக்கிறது. சுவரில் ஓதம் ஏறும் வீட்டில் மட்டும், ஓதத்தை நிறுத்தும்வரை மரத்தை நினைக்கவே கூடாது.