முன்கதைப் பாராயணம்

'எல்டர் ஸ்க்ரோல்ஸ்' என்னும் கணினி விளையாட்டு வரிசையின் நான்காம் ஆட்டமான 'ஆப்ளிவியன்' 2025 ஏப்ரலில் புதுமெருகேறி மறுபடி வெளிவந்தபோது, அந்த உலகத்தின் பூர்வ சரித்திரத்தை மணிக்கணக்கில் ஓடும் யூடியூப் சுருக்கங்களின் வாயிலாகப் பாராயணம் செய்துகொண்ட பிறகே ஆட்டத்தில் இறங்க வேண்டும் என்னும் பழைய உபதேசமும் புத்துயிர் பெற்றுவிட்டது. இவ்வழக்கத்தில் நியாயமே இல்லையென்று நான் சாதிக்கப் போவதில்லை. 'விட்சர் 3' ஆட்டத்தின் யெனிஃபரும் சிரியும், முந்திய இரண்டு ஆட்டங்களை ஆடி முடித்தவருக்குக்கூட ஏறத்தாழ அந்நியர்களே ஆதலால், அதற்கு மூலமான சப்கோவ்ஸ்கியின் நாவல்களை முன்கூட்டி வாசித்தவர் அடையும் லாபம் மெய்யான லாபந்தான். ஆனால் அந்த நியாயத்தை எல்டர் ஸ்க்ரோல்ஸுக்கும் நீட்டுவது, அது எவ்விதம் சிருஷ்டிக்கப்பட்டது என்பதையே கவனியாத பிழை. 'மோரோவிண்ட்' (2002), 'ஆப்ளிவியன்' (2006), 'ஸ்கைரிம்' (2011) ஆகிய மூன்றும் வெவ்வேறு மாகாணங்களில் நிகழ்பவை. மூன்றிலும் கதாநாயகன் பூர்வோத்தரம் தெரியாத ஒரு கைதி.

மோரோவிண்டின் விஷயத்திலோ இந்தப் பிழை அபசாரமாகவே முற்றிவிடுகிறது. கப்பலில் கொண்டுவரப்பட்டு சேய்டா நீன் என்னும் சிற்றூரில் விடுதலை பெறும் அக்கைதி, பல்மோரா நகரில் கையஸ் கோசாடிஸ் என்னும் ஒற்றர் தலைவனைச் சந்தித்த பின் செய்யவேண்டிய ஆரம்ப வேலைகள் பெரும்பாலும் பூர்வ கதையை விசாரித்தறியும் வேலைகளே: மந்திரவாதிகள் சங்கத்திலிருக்கும் ஓர்க் இனப் பெண் ஒருத்தி, கல்லறையிலிருந்து ஒரு மண்டையோட்டைக் கொணர்ந்து தந்தாலொழிய, பூர்வ காலத்து வீரனான நெரவாரின் மறுபிறவியை எதிர்பார்க்கும் கூட்டத்தைப் பற்றி வாய் திறக்கமாட்டாள். இப்படி அலைந்து சேர்த்த செய்திகளும் ஒன்றோடொன்று பொருந்துவதில்லை. செம்மலை யுத்தத்தில் பட்ட காயங்களால் நெரவார் மாண்டான் என்பது அந்நாட்டு மதபீடமான ஆலயத்தின் கூற்று. அவனுக்கு நெருங்கியவர்களாயிருந்து பிற்பாடு தெய்வங்களாகிவிட்ட மூவருமே அவனைக் கொன்றார்கள் என்பது சாம்பல்நிலக் குடிகளின் கூற்று. அம்மூவருள் ஒருவனான விவெக் நேரிலேயே அதை மறுத்தாலும் சந்தேகம் தீருவதில்லை. அந்த நெரவாரே தாம் என்று சொல்லப்படும் ஆட்டக்காரர், தம்மைக் கொன்றவர் யார் என்பதைத் தாமே நிச்சயித்துக்கொள்ள வேண்டியவராகிறார்.

சுருக்கம் தயாரிப்பவரோ, சொன்னவர் யார், எந்த ஆதாயம் கருதிச் சொன்னார் என்பவற்றையெல்லாம் உதிர்த்துவிட்டு, எஞ்சியதைச் சரித்திரம் என்று ஒரே குரலில் ஒப்பித்துவிடுகிறார். ஆட்டத்துக்குள் ஆலயம் செய்த காரியமும் இதுவே. ஆலயமாவது மாற்றுப் பிரதிகளை இரகசியமாகப் பூட்டி வைத்திருந்தது. இவர்கள் பூட்டி வைக்கவும் மெனக்கெடுவதில்லை. 'டாகர்ஃபால்' (1996) ஆட்டத்தின் முரண்பட்ட முடிவுகள் யாவும் ஒருங்கே நிகழ்ந்தன என்று அறிவித்துவிட்ட ஒரு வரிசைக்கு நேர்வகிட்டில் சரித்திரம் எழுத முனைவதே வீண் பிரயத்தனம் என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம்.

கதை தெரிந்த ராமாயணத்தை விடிய விடியக் கூத்தில் பார்க்கிறோமே, ரசம் குறைந்தா போயிற்று என்பார்கள். கூத்தில் நாம் பார்வையாளர்கள். மாயமானின் பின்னே ராமன் போகையில் அவனுக்குத் தெரியாதது நமக்குத் தெரிந்திருப்பதுதான் அங்கே சுவைக்கு ஆதாரம். இங்கே வேஷம் கட்டுபவர் நாமே, அறியாமையும் அவ்வேஷத்தின் ஓர் அங்கம்.

ஆகவே மோரோவிண்டை முதன்முறை ஆட இருப்பவர்கள், எத்தனை நயமாகத் தொகுக்கப்பட்டதாயினும் அச்சுருக்கப் படத்தைப் பார்க்காமல், நேரே பல்மோராவுக்குப் போய்க் கையஸ் சொல்லுகிற ஆட்களை விசாரிக்கவேண்டுமென்று கேட்டுக்கொள்ளுகிறேன்.