பண்ணைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள்

‘ஷான் தி ஷீப்’ தொடரில் யாரும் பேசுவதில்லை. ஆடுகள் கத்தும், நாய் உறுமும், பண்ணைக்காரர் ஏதோ முணுமுணுப்பார். அதில் ஒரு சொல்லும் பிடிபடாது. நிக் பார்க் இயக்கிய ‘எ க்ளோஸ் ஷேவ்’ (1995) குறும்படத்தில் துணைப் பாத்திரமாகத் தலைகாட்டிய செம்மறி ஷான், 2007இல் பிபிசியில் தனித் தொடருக்கே நாயகனானது. தயாரித்தது இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரிலுள்ள ஆர்ட்மேன் நிறுவனம். ஏழு நிமிடக் கதைகளுக்கு எழுதப்படாத விதிகள் இரண்டு: பேசக் கூடாது, ஆடுகளின் கூத்து பண்ணைக்காரருக்குத் தெரியக் கூடாது. தொடரின் பலமும் பலவீனமும் இந்த இரண்டு விதிகளிலிருந்தே பிறக்கின்றன.

முதலில் பலம். வசனம் இல்லாததால் ஒவ்வொரு எண்ணமும் செயலாக மாறியே ஆக வேண்டும். ஒரு கதையில் மந்தைக்கு ஒரு முட்டைக்கோஸ் கிடைக்கிறது. சற்று நேரத்தில் அது பந்தாகிவிடுகிறது, புல்வெளி மைதானமாகிறது, பக்கத்துத் தொழுவத்துப் பன்றிகள் வம்புக்கு வருகின்றன. எதையும் விளக்க வேண்டியதில்லை, மூன்று வயதுக் குழந்தைக்கும் புரியும். டப்பிங் தேவைப்படாத இந்தச் சிரிப்பு பிரிஸ்டலில் எப்படியோ அப்படியே மதுரையிலும் செல்லுபடியாகிறது. பொம்மையை இம்மியளவு நகர்த்தி, படமெடுத்து, மறுபடி நகர்த்தும் ஸ்டாப் மோஷன் முறையில் ஒருவரின் நாள் முழுவதுமான உழைப்பு திரையில் சில நொடிகள்தான். அதனால் வீண் அசைவு என்று ஒன்று அநேகமாக இல்லை. ஷான் ஒரு பார்வை பார்த்தாலே ஏதோ திட்டம் உருவாகிவிட்டது என்று தெரிந்துவிடும்.

இரண்டாம் விதியால் பதற்றம் கிடைக்கிறது. அதைச் சுமப்பவன் நாய் பிட்ஸர். தலையில் குல்லா, கையில் கிளிப்போர்டு, வாயில் விசில். முதலாளிக்கும் மந்தைக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட மேஸ்திரி. அவனுக்குக் கூத்தில் கலந்துகொள்ள ஆசை, மாட்டிக்கொள்ளப் பயம். தொடரின் மிக நுட்பமான நகைச்சுவை இந்த இழுபறியில்தான் இருக்கிறது.

குறையும் இங்கேயே தொடங்குகிறது. பண்ணைக்காரர் திரும்பிப் பார்ப்பதற்குள் எல்லாம் பழையபடி ஆக வேண்டும் என்பதால் எந்தச் செயலுக்கும் விளைவு மிஞ்சுவதில்லை. பத்துக் கதைகள் பார்த்தவருக்குப் பதினொன்றாவதன் முடிவு முன்பே தெரியும். பாத்திரங்களும் ஒற்றை அடையாளத்தில் உறைந்துவிடுகின்றன. ஷர்லி என்றால் பருத்த உடலும் அடங்காப் பசியும். டிம்மியின் தாய் என்றால் தலையில் முடிசுருட்டிகளும் குட்டியைப் பற்றிய பதைப்பும். பேச்சில்லாத உலகில் உருவமே அடையாளமாவதைத் தவிர்ப்பது கடினம். ஆனாலும் பருத்த உடலையே இத்தனை முறை சிரிப்புக்குப் பயன்படுத்துவது சோம்பல். ஆடு எதற்காக வளர்க்கப்படுகிறது என்ற கேள்வியும் கம்பளியோடு நின்றுவிடுகிறது. சிறுவர் நகைச்சுவையில் இறைச்சிக் கூடத்தைக் காட்டச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பண்ணை எவ்வளவு கழுவித் துடைக்கப்பட்டது என்பதைப் பெரியவர்கள் கவனிக்கலாம்.

விளைவு மிஞ்சாத இந்தக் குறைக்கு மாற்று 2015இல் ஆர்ட்மேனிடமிருந்தே வந்தது. மார்க் பர்ட்டனும் ரிச்சர்ட் ஸ்டார்சாக்கும் இயக்கிய, ஷானின் முழுநீளப் படத்திலும் வசனம் கிடையாது. ஆனால் இரண்டாம் விதி உடைகிறது. ஒருநாள் விடுமுறைக்காக ஆடுகள் பண்ணைக்காரரைத் தூங்க வைத்து ஒரு கேரவனில் கிடத்த, அது உருண்டோடி நகரத்தில் போய் நிற்கிறது. அவர் நினைவிழக்கிறார். ரோமம் கத்தரித்த கைப்பழக்கத்தால் நகரத்தின் பெயர்போன சிகையலங்காரக்காரர் ஆகிவிடுகிறார். தேடி வந்த ஷானை அடையாளம் தெரியாமல் விரட்டுகிறார். குறும்புக்கு முதல்முறையாக விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. இரவில் நகரத்தில் ஒளிந்திருக்கும் மந்தை, குட்டி டிம்மிக்காகக் குரல்களைச் சேர்த்துத் தாலாட்டும் காட்சியில் சொல் இல்லை. ஆனால் ஏக்கம் இருக்கிறது.

ஆக, மௌனம் இந்த வகையின் குறையல்ல, மிகப் பெரிய சொத்து. குறை, எதுவும் மாறாமல் பார்த்துக்கொள்ளும் பழக்கத்தில் இருக்கிறது. ஏழு நிமிடத்துக்கு அந்தப் பழக்கம் வசதியானது. குழந்தைகளுக்கு மறுபடி மறுபடி நிகழ்வதில் தனி இன்பமும் உண்டு. ஆயினும் தான் செய்த குறும்பால் ஒருவர் தொலைந்துபோகலாம் என்பதைத் தாங்கிக்கொள்ளும் வலு குழந்தைகளுக்கு உண்டு என்று அந்தப் படம் நம்பியது. தொடரும் அவ்வப்போது அந்த நம்பிக்கையை வைத்திருக்கலாம்.