ஸ்டென்சிலும் தாளப்பெட்டியும்

மன்னார்க் கரையோரக் கத்தோலிக்க ஊர்களில் வாசாப்பு நாடகம் ஏறும்போது பாட்டு, ஆட்டம், உடுப்பு, மேடை எல்லாம் ஒரே அண்ணாவியாரின் பார்வையில் கூடிவரும். கண்ணுக்குரியதும் காதுக்குரியதும் அங்கே தனித்தனிக் கலைகள் அல்ல. அந்தப் பிரிவினையை மதிக்காத ஈழத்தமிழ்க் கலைஞர்களில் உலகமறிந்தவர் எம்.ஐ.ஏ. என்ற மாயா அருள்பிரகாசம். அவரைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் அரசியலோடு நின்றுவிடுகிறது. அவருடைய கைவேலை அதைவிட நின்று பார்க்கத் தக்கது.

மாயா கையாளும் மின்னிசைக்கு நம் பக்கத்திலேயே முன்கதை உண்டு. 1969இல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் அமெரிக்க இசைஞர் டேவிட் ட்யூடர், மூக் சின்தசைசரோடு ஒலிக்கூடம் அமைத்தார். கீதா சாராபாய் போன்றவர்கள் அங்கே இசை செய்தார்கள். கிடப்பில் கிடந்த அந்த நாடாக்களைக் கலைஞரும் இசைஞருமான பால் பர்காஸ் தேடியெடுக்க, 2023இல் அவை தொகுப்பாக வந்தன.

மாயா 1975இல் லண்டனில் பிறந்தார். சிறுவயது யாழ்ப்பாணத்தில், இடையில் சென்னையில், பிறகு மறுபடி லண்டன். சென்ட்ரல் செயின்ட் மார்ட்டின்ஸ் கல்லூரியில் திரைப்படம் படித்தார். புலியையும் டாங்கியையும் ஸ்டென்சிலாக வெட்டி, கண்கூசும் நிறங்களில் ஸ்பிரே அடித்தார். எலாஸ்டிகா குழுவின் 2000ஆம் ஆண்டு இசைத்தட்டுக்கு அட்டைப்படம் செய்து, அவர்களுடைய இசைப்பயணத்தைப் படம்பிடிக்கவும் போனார். அந்தப் பயணத்தில்தான் பாடகி பீச்சஸ் அவருக்கு ரோலண்ட் எம்சி-505ஐக் காட்டினார். தாளம், சின்தசைசர், வரிசைப்பதிவு மூன்றும் அடங்கிய ஒற்றைப் பெட்டி அது. முறையாக இசை படிக்காதவர், இரவல் பெட்டியிலேயே முதல் பாடல்களை உருவாக்கினார்.

ஒருமுறை வெட்டிய ஸ்டென்சிலை நகர்த்தி, நிறம் மாற்றி, மேலுக்கு மேல் அடிக்கலாம். 505இலும் அதே வேலைதான்: சிறு தாளத்துண்டைச் சுழலவிட்டு, அதன்மேல் இன்னொன்றை ஏற்றி, குரலையும் தாளமாகவே வெட்டிப் போடுவது. 2003இல் வந்த ‘கலாங்’ பாடலைக் கேட்டால் இந்த ஓவியப் புத்தி தெளிவாகப் பிடிபடும். விளிம்புகள் கூர்மையானவை; ஒலிகள் ஒன்றோடொன்று கரைவதில்லை. தகப்பனின் இயக்கப் பெயரைத் தாங்கிய ‘அருளர்’ இசைத்தொகுப்பு 2005இல் வந்தது. அதன் அட்டையிலும் டாங்கிகளும் குண்டுகளும் இதே முறையில் அடுக்கப்பட்டிருக்கின்றன.

தாயின் பெயரில் 2007இல் வந்த ‘கலா’ இன்னும் வளமானது. அதற்காகச் சென்னையில் உறுமிக் கலைஞர்களைப் பதிவுசெய்தார். வளைந்த குச்சி தோலில் தேயும்போது எழும் அந்த உறுமல், சின்தசைசரின் கீழ்ச்சுரம் வழுகுவதைப்போலவே இருக்கும். ‘பேர்ட் ஃப்ளூ’ பாடலில் தோற்கருவி எங்கே முடிகிறது, மின்கருவி எங்கே தொடங்குகிறது என்று காது திகைக்கிறது. அந்தப் பாடலின் காணொளியை மாயாவே தென்னிந்திய மீனவர் ஊரொன்றில் எடுத்தார். அந்தக் கரை மன்னாருக்கு அந்நியமல்ல: தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கடல் 30 கிலோமீட்டர் அளவுதான். பேசாலையிலிருந்தும் தலைமன்னாரிலிருந்தும் எத்தனையோ குடும்பங்கள் படகேறி மண்டபம் அகதி முகாமுக்குப் போன வழி அது. மன்னார்க்காரர் கண்ணுக்குக் காணொளியில் வரும் கரையும் வள்ளமும் பிள்ளைகளும் வெறும் பின்னணியாகத் தெரியவே முடியாது.

அடுத்த வரிசை ஈழத்தமிழ்க் கலைஞரான கிறிஸ்டோபர் குலேந்திரன் தாமஸ் வேறு திசையில் போகிறார். அன்னிகா கூல்மானோடு செய்த ‘த ஃபினெஸ்’ காணொளிப் படைப்பு 2022இல் லண்டனிலும் பெர்லினிலும் காட்டப்பட்டது. அவருடைய ஓவியங்களுக்குச் செயற்கை நுண்ணறிவும் உழைக்கிறது. சிந்தனையில் அவர் ஆழமானவர். ஆனாலும் என் மனம் பழைய 505 பக்கமே சாய்கிறது. விரல் பொத்தானை அழுத்திய பலம்கூட அந்தப் பாடல்களில் கேட்கிறது.