இறைபோசோம் நூலில் விடுபட்ட அத்தியாயம்

சிதம்பரத்திற் பிறந்த வேங்கடராமன் இராமகிருஷ்ணன், தோமஸ் ஸ்ரைற்ஸ், ஆடா யோனத் ஆகியோருடன் 2009ஆம் ஆண்டின் இரசாயனவியல் நொபேல் பரிசைப் பகிர்ந்தவர். கலங்களிற் புரதந் தொகுக்கும் இறைபோசோமின் கட்டமைப்பை ஆராய்ந்தமைக்கே அப்பரிசு கிட்டியது. அவ்வாராய்ச்சியின் வரலாற்றை 2018இல் 'ஜீன் மெஷின்' என்னும் ஆங்கில நூலாக அவர் வெளியிட்டார். யான் விஞ்ஞானப் பட்டதாரியல்லேன். வெளிவாரியாகக் கலைப்பட்டம் பெற்ற ஆசிரியன். எனினும் ஒரு நூலை நூலாக நோக்கும் உரிமை வாசகன் எவனுக்கும் உண்டன்றோ?

நூலின் தலையாய சிறப்பு அதன் நேர்மை. பௌதிகவியலிற் கலாநிதிப் பட்டம் பெற்ற பின்னர், மீண்டும் மாணவனாக அமர்ந்து உயிரியல் கற்றதை ஆசிரியர் கூச்சமின்றிக் கூறுகின்றார். போட்டியாளர்மீது கொண்ட பொறாமையையும், பரிசு பற்றிய ஆசையையும் அவர் மறைத்திலர். பெரியோர் சரிதம் என்றாற் புகழ்மாலை என்றே பழகிய நமக்கு இது புதுமை.

ஆயின் ஓட்டப்பந்தயமாகச் சொல்லப்படுங் கதைக்கு ஒரு முடிவுக்கோடு வேண்டும். வெந்நீரூற்றில் வாழும் பற்றீரியாவின் இறைபோசோம் வடிவம் 2000ஆம் ஆண்டிற் புலப்பட்டதே இங்கு அக்கோடு. தேர்த்திருவிழாவன்று தேரைக் கண்டு வியப்பவன், அதனைப் பூட்டிய தச்சாசாரிமாரை நினைப்பதில்லை. மனித இறைபோசோம் ஏறத்தாழ 80 புரதங்களும் 4 ஆர்.என்.ஏ. மூலக்கூறுகளும் கூடியது. அவற்றை ஒன்றுசேர்க்க இருநூறுக்கு மேற்பட்ட துணைப்புரதங்கள் உழைக்கின்றன. பணி முடிந்ததும் அவை விலகிவிடும். அப்பணியின் பெரும்பகுதி நிகழுமிடம் கருவினுள் அமைந்த புன்கரு.

இக்குறையை யான் உணர்ந்தது ஏட்டறிவால் அன்று. முன்னர் என்னிடங் கற்ற ஒருவர் கடுங் குருதிப்புற்று நோயுற்று, பரிசோதனைத் தாளிலிருந்த 'என்.பி.எம்.1' என்பதன் பொருளை வினவினார். கையிலிருந்த இந்நூலை நம்பிப் புரட்டினேன். விடை அதன் எல்லைக்கு அப்பாற் கிடந்தது. நியூக்கிளியோபொஸ்மின் எனும் புன்கருப் புரதத்துக்குரிய பரம்பரையலகே அது. இறைபோசோமை அமைக்கும் பணியில் அப்புரதத்துக்குப் பங்குண்டு. வேறு பணிகளும் உள. வளர்ந்தோர்க்கு வரும் கடும் மைலோயிட் லியூக்கேமியாவில் மூன்றிலொரு பங்கினரளவில் இப்பரம்பரையலகு விகாரமுற்றிருப்பதும், அதன் புரதம் புன்கருவை விட்டுக் குழியவுருவிற் சென்று தங்குவதும் 2005இல் அறியப்பட்டன. அவ்விகாரம் இருந்து, 'எஃப்.எல்.ரீ.3' என்பதில் இரட்டிப்பு விகாரம் இல்லையாயின், சிகிச்சையின் பயன் பெரும்பாலும் நன்றாகும் என்று வைத்தியர் முன்கணிப்பர். நோயாளி அறியவிழைந்தது இதனையே.

ஆசிரியர் மருத்துவநூல் எழுத முற்பட்டவர் அல்லர் எனச் சிலர் விடையிறுக்கலாம். நுண்ணுயிர்கொல்லிகள் இறைபோசோமைத் தாக்குமாற்றை விரித்துரைக்க அவருக்கு இடமிருந்தது என்பதை அன்னார் மறத்தலாகாது. மேலும், 'ஆர்.பி.எல்.10' என்னும் இறைபோசோம் புரதத்தின் விகாரம் சிறுவரின் ரி-கல லியூக்கேமியாவிற் காணப்படுவது 2013இல் வெளிவந்தது. நூலோ அதற்கு ஐந்தாண்டு பிந்தியது. லியூக்கேமியாவுக்கு வழிவகுக்கும் ஷுவாக்மன்-டயமண்ட் நோயில், இறைபோசோமின் பெருங்கூற்றிலிருந்து ஒரு துணைப்புரதம் உரிய வேளையில் விலகாமையே கோளாறென 2011இற் காட்டிய அலன் வாரனும் அவர் வாழும் கேம்பிரிட்ஜ் நகரினரே.

மாணவர் இந்நூலைத் தவறாது கற்க வேண்டும். என்னை வினவியவருக்கும் அதனைக் கொடுத்திருக்கின்றேன், புன்கருவைப்பற்றி யான் தமிழில் எழுதிய நான்கு தாள்களை இடையிற் செருகி.