சபையில் கேட்ட கேள்வி

எட்டயபுரம் நமக்கு அயலூர் அன்று. கீழவைப்பாரிலிருந்து விளாத்திகுளம் வழியாகச் சென்றால் ஒரு முற்பகலுக்குள் அங்கே போய்ச் சேர்ந்துவிடலாம். உமறுப் புலவரின் அடக்கத்தலம் அவ்வூரில் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு பாரதியார் பிறந்த இல்லமும் அவ்வூரிலேயே இருக்கிறது. நம்மவருள் பெரும்பாலோர் முன்னதைக் கண்டு பாத்திஹா ஓதித் திரும்பிவிடுவர். பின்னதைப் பார்க்க நேரம் வாய்ப்பதில்லை. இலக்கியத்திலும் நம் பழக்கம் ஏறத்தாழ இவ்வாறே அமைந்துவிட்டது. சீறாப்புராணம் நம் வீட்டு நூல். பாஞ்சாலி சபதமோ பிறர் வீட்டுப் புராணம் என்று எண்ணி அதன் வாயிலிலேயே நின்றுவிடுகிறோம்.

அந்த எண்ணம் சரியன்று என்பதே நம் கருத்து. பாரதியாரும் நம்மை வாயிலில் நிறுத்தியவர் அல்லர். 1920இல் பொட்டல்புதூரில் நம்மவர் கூடியிருந்த அவையில் இஸ்லாத்தின் பெருமை குறித்து அவர் சொற்பொழிவு ஆற்றினார். 'ரயில்வே ஸ்தானம்' என்ற கதையில் உடன்பிறந்த சகோதரியர் மூவரை ஒருவர் மணந்திருப்பதாக அவர் எழுதியபோது, ஒரே காலத்தில் சகோதரியரை மணப்பதை ஷரீஅத் அனுமதிப்பதில்லை என்று முஸ்லிம் நண்பர் ஒருவர் எடுத்துரைத்தார். அதனை மறைக்காமல், கதையின் இறுதியிலேயே திருத்தக் குறிப்பாகச் சேர்த்தார் பாரதியார். தம் பிழையை அச்சில் ஒப்புக்கொண்ட அந்தக் கவிஞரிடம் இன்னொரு குறையைச் சொல்லவும் நமக்கு உரிமை உண்டு என்று கருதுகிறோம்.

பாஞ்சாலி சபதத்தின் முதற்பாகம் 1912இல் வெளிவந்தது. இரண்டாம் பாகம், கவிஞர் மறைந்து மூன்று ஆண்டுகள் கழிந்த பின்னர், 1924இல் அச்சேறியது. பெருங்கடலாகிய பாரதக் கதையிலிருந்து சூதாட்டத்தையும் அதன் விளைவையும் மட்டுமே முகந்தெடுத்து ஐந்து சருக்கங்களில் அடக்கினார். போர் இல்லை, கீதை இல்லை, வனவாசமும் இல்லை. பெண்ணொருத்தி சபையில் வாய் திறக்கும் நாழிகையை நோக்கியே நூல் முழுவதும் நகர்கிறது. எளிய சொல்லும் எளிய நடையும் பொதுமக்கள் விரும்பும் மெட்டும் கொண்டு காவியம் செய்ய வேண்டும் என்று முகவுரையில் அவர் சொன்னதை நூலில் செய்தும் காட்டினார். இது வியாசரின் மொழிபெயர்ப்பைப் போன்றதே, தம் சொந்தக் கற்பனை மிகுதியாக இல்லை என்றும் ஓரிடத்தில் அடக்கமாகக் குறித்திருக்கிறார். அந்த அடக்கத்தை அப்படியே நம்ப வேண்டியதில்லை. அவர் செய்த மாற்றங்கள் சிறியவைதாம். கதையின் எடை தங்கும் இடங்களிலேயே அவற்றைச் செய்திருக்கிறார்.

பாஞ்சாலியின் கேள்வி யாவரும் அறிந்தது. தம்மைத் தோற்றபின் என்னைத் தோற்றாரா, என்னைத் தோற்றபின் தம்மைத் தோற்றாரா என்பது அது. அடிமையாகிவிட்டவருக்கு உடைமை ஏது? இல்லாத உடைமையைப் பந்தயமாக வைத்தது எவ்வாறு செல்லும்?

முத்துக் கடலோரத்தில் வாழும் நமக்கு இந்த வழக்கு புதியதன்று. கையில் இல்லாததை விற்காதே என்பது நாயகம் (ஸல்) அவர்களின் போதனை. முழுகுகிறவன் ஒரு முழுக்கில் எடுத்து வரப்போவதை அவன் நீரில் இறங்குமுன்னரே விலை பேசுவதை, ஆகாத வணிகத்திற்கு உதாரணமாக ஃபிக்ஹ் நூலோர் காட்டுவர். தூத்துக்குடிச் சிலாபம் 1961உடன் நின்றுபோயிற்று. எனினும் சிப்பியைத் திறவாமலே ஆயிரக்கணக்கில் ஏலம் எடுத்து, செல்வரானவர்களின் கதையும் ஓட்டாண்டிகளானவர்களின் கதையும் இக்கரையில் இன்னும் பேசப்படுகின்றன. ஆகவே பாஞ்சாலி எழுப்பும் சட்ட வினாவை ஒரு தோணிக்காரரும் தெளிவாகப் புரிந்துகொள்வார்.

ஆயினும் அந்த வினாவுக்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. தருமன் தன்னைத் தோற்காமல் இருந்திருந்தால்? அப்போது மனைவியைப் பந்தயம் வைத்தது செல்லுமா?

இங்கேதான் பாரதியார் வியாசரை விட்டு விலகுகிறார். வியாசரின் வீட்டுமர் தருமம் நுண்ணியது, அறுதியிட்டுச் சொல்ல இயலவில்லை என்று தயங்குகிறார். பாரதியாரின் வீட்டுமர் தயங்கவில்லை; தீர்ப்பே சொல்லிவிடுகிறார். முற்காலத்தில் ஆணும் பெண்ணும் நிகராகப் பேணப்பட்டனர், பின்னர் அது மாறிவிட்டது, இன்றைய நூல்களின்படி ஒருவன் தன் தாரத்தை விற்கவும் தானம் செய்யவும் இடமுண்டு என்கிறார். இது அநீதிதான், ஆனால் தடுக்கும் வலிமை தமக்கில்லை என்று சொல்லித் தலை கவிழ்கிறார். நூலைக் கற்றறிந்தவர், அது அநீதி என்பதையும் அறிந்தவர், வாளாவிருக்கிறார். இத்தகைய மனிதரைத் தமிழ்க் காவியங்களில் இவ்வளவு அருகில் நாம் கண்டதில்லை. அவருக்குப் பாஞ்சாலி தரும் மறுமொழியும் அத்தகையதே. சீதையைக் கவர்ந்து வந்து சிறைவைத்த பின்னர் இராவணன் தன் அமைச்சரையும் சாத்திரியாரையும் அழைத்துச் சொன்னானாம்; அவர்களும் தக்கதே செய்தாய் என்றனராம். கொடுங்கோலன் ஆளும் நாட்டில் சாத்திரமும் அவன் குரலிலேயே பேசும் என்பது அவள் வாதம்.

இனி நம் குறையைச் சொல்லிவிடுகிறோம். தருமன் நாட்டைப் பந்தயம் வைக்கும்போது பாரதியார் இரண்டு உவமைகள் சொல்லிச் சீறுகிறார். கோயிலில் பூசை செய்பவன் தெய்வச் சிலையை விற்பது போன்றது அது. வாயில் காப்பவன் வீட்டையே வைத்துச் சூதாடுவது போன்றது அது. மன்னன் நாட்டுக்கு உரிமையாளன் அல்லன், அது அவனிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம் என்பதே இவற்றின் உட்பொருள். அன்னியர் ஆட்சியில் இருந்த நாட்டில் இதைப் பாடியது பெரிய துணிவு. அடுத்துப் பாஞ்சாலியை வைத்து ஆடும் இடம் வருகிறது. அங்கே உவமைகள் மாறிவிடுகின்றன. வேள்விக்குரிய பொருளை நாய்க்கு இடுவது, பொன் மாளிகை கட்டிப் பேயைக் குடியேற்றுவது, விலையுயர்ந்த அணியைச் செய்து ஆந்தைக்குப் பூட்டுவது என்று அடுக்குகிறார். துயரம் உண்மையானது, சொற்களிலும் சூடு இருக்கிறது. ஆனால் அவள் ஒவ்வோர் உவமையிலும் ஒரு பொருளாகவே இருக்கிறாள். தகாத இடத்தில் சேர்க்கப்பட்ட உயர்ந்த பொருள். நாட்டைப் பற்றிப் பேசுகையில், இது உன் உடைமையா என்று தருமனைக் கேட்ட கவிஞர், பெண்ணைப் பற்றிப் பேசுகையில், இத்தகைய உடைமையை இவ்வாறு இழக்கலாமா என்றே கேட்கிறார்.

இன்னோர் இடமும் உண்டு. அவளைத் தெருவழியே இழுத்து வருகையில் ஊரார் நின்று அழுகின்றனர். அவர்களை மரங்கள் என்று இகழ்வது சரியே. அவர்களின் அழுகையைப் பெண் அழுகை என்றும் இகழ்கிறார். பெண்ணுக்காகப் பேசும் நூலில் பெண் என்பதே வசைச் சொல்லாகிவிடுகிறது. இதைக் கவிஞரின் மனக்குறை என்பதை விட, அவர் வாங்கிய மொழியின் குறை என்பதே பொருந்தும். பாஞ்சாலி தானே பேசத் தொடங்கியதும் பொருள்களின் உவமை நின்றுவிடுகிறது. தான் துருபதன் மகள் என்று அவள் சொல்கிறாள். மனைவியரும் சகோதரியரும் உடையவர்கள் இச்சபையில் இல்லையா என்று கேட்கிறாள். கவிஞருக்கு அகப்படாத மொழி அவர் படைத்த பெண்ணுக்கு அகப்பட்டிருக்கிறது.

ஓராண்டு ரமலான் பிந்திய ஒரு மாலைப்பொழுதில் எங்கள் உறவினர் இல்லத்தில் இப்பகுதியை வாசித்துக் காட்டினோம். வீட்டுமரின் தீர்ப்பு முடிந்ததும், திரைக்கு அப்பால் அமர்ந்திருந்த மூத்த பெண்மணி ஒருவர், "அது சரி வாப்பா, அவர் சொன்னது சட்டம். அவள் கேட்டதற்கு யாராவது பதில் சொன்னார்களா?" என்றார். விகர்ணன் எழுந்து மறுத்துப் பேசியதையும், கர்ணன் அவனைச் சிறுவன் என்று அடக்கியதையும் சொன்னோம். "சிறுவனுக்குத் தெரிந்திருக்கிறது" என்று மட்டும் சொல்லி அமைதியானார்.

அந்தப் பெண்மணியின் சொல் நமக்குக் கவ்லா பின்த் தஃலபா (ரலி) அவர்களை நினைவூட்டியது. நீ எனக்கு என் தாயின் முதுகைப் போன்றவள் என்று கணவர் சினத்தில் ஒரு சொல் சொன்னார். அறியாமைக் கால வழக்கப்படி அந்த ஒரு சொல்லால் அவர் மனைவியாகவும் இல்லை, விடுதலை பெற்றவராகவும் இல்லை. அவர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து வழக்குரைத்தார். பழைய வழக்கமே எடுத்துரைக்கப்பட்டபோதும் விடாமல் வாதாடினார். திருமறையின் 58ஆம் அத்தியாயம் அந்த வாதத்தைக் கொண்டே பெயர் பெற்றது. அப்பெண்ணின் சொல்லை இறைவன் செவியுற்றான் என்றே அது தொடங்குகிறது. அந்த வழக்கமும் மாற்றப்பட்டது. பின்னாளில் உமர் (ரலி) அவர்கள் கலீபாவாக இருந்தபோது, வழியில் மறித்துப் பேசிய இந்த முதிய பெண்மணிக்காக நெடுநேரம் நின்று கேட்டார்கள் என்பதும் வரலாறு.

எங்கள் மார்க்கத்தில் விடை கிடைத்தது, அவர்கள் காவியத்தில் கிடைக்கவில்லை என்று பெருமை பேசுவதற்காக இதைச் சொல்லவில்லை. விடை கிடைத்த நம் வீடுகளில் கேள்வி கேட்கப்படுகிறதா என்பதே நம் கவலை. கன்னியின் மௌனம் சம்மதம் என்பதை நாம் நன்கு மனனம் செய்திருக்கிறோம். மௌனத்துக்கு முன்னர் ஒரு கேள்வி இருக்க வேண்டும் என்பதை அவ்வளவு நன்றாக நினைவில் வைக்கவில்லை. பேச்சு முடிந்து, சீர் முடிந்து, தேதியும் குறித்த பின்னர் வலியும் சாட்சிகளும் கதவருகில் சென்று கேட்டுத் திரும்பும் நிகாஹ்கள் எத்தனை!

பாஞ்சாலிக்கு நம்மோடு பழைய உறவொன்றும் உண்டு. செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் முத்தால ராவுத்தர் காவல் நிற்கிறார். மார்க்கத்தின் கண்கொண்டு அதை நாம் ஏற்பதற்கில்லை. ஆனால் சபையில் கைவிடப்பட்ட பெண்ணுக்கு ஒரு முஸ்லிமைக் காவலாக நிறுத்த வேண்டும் என்று அந்தக் கிராமத்து மக்களுக்குத் தோன்றியதே, அது எண்ணத்தக்கது.

பாரதியாருக்கு நூறாண்டு கழிந்து, குஜராத்திக் கவிஞர் வினோத் ஜோஷி அதே பெண்ணை மீண்டும் எடுத்திருக்கிறார். 'சைரந்திரி' என்ற அவருடைய பிரபந்த காவியம் 2018இல் வெளிவந்தது. 2023ஆம் ஆண்டின் சாகித்திய அக்காதெமி விருதையும் பெற்றது. நம் மன்னார் வளைகுடாவைப் போலவே கச்சு வளைகுடாவும் முத்துச் சிப்பி விளைந்த கடல்தான். ஆனால் அங்கே மூழ்க வேண்டியதில்லை, நீர் வற்றுகையில் கையால் பொறுக்கியே எடுத்தனர். இந்தக் கவிஞர் சபையை விட்டுவிட்டு மனத்தில் மூழ்கியிருக்கிறார். பதின்மூன்றாம் ஆண்டில் பெயரை மறைத்து விராட நகரில் அரசி சுதேஷ்ணைக்குக் கூந்தல் முடிக்கும் பணிப்பெண்ணாகத் திரௌபதி வாழ்ந்த நாட்களே அவர் பொருள். தான் யார் என்ற வினாவும், கர்ணன்மேல் அடங்கிக் கிடந்த ஈர்ப்பும் அங்கே பேசப்படுகின்றன. பாரதியாரின் வாசகருக்கு இது அதிர்ச்சி தரலாம். துகிலுரியச் சொன்னவன் அவன் அல்லனோ? கற்பின் சின்னமாக அவளைக் கண்ட மரபுக்கு இது ஒவ்வாது என்பதும் உண்மை. எனினும் சின்னமாக இருப்பதற்கும் மனமுடையவளாக இருப்பதற்கும் இடையில் எவ்வளவு தொலைவு என்பதை இந்த நூல் அளந்து காட்டுகிறது.

பாரதியாரின் வீமன் கொதித்தெழும்போது, சூதாடிகளின் வீட்டில்கூடப் பணிப்பெண்ணைப் பந்தயம் வைப்பதில்லை என்கிறான். அதே பெண் பின்னர்ப் பணிப்பெண்ணாகவே ஆனாள். அங்கே பந்தயம் இல்லை. ஆனால் கீசகன் கேட்டதும் அரசி அவளை மது வாங்கி வரும் பெயரில் அவன் மனைக்கு அனுப்பிவைத்தாள். அவன் உதைக்கையில் விராடனின் சபையில் தருமன் இருந்தான், மன்னனுக்குச் சூதாட்டத் துணைவனாக! பாரதியார் இந்தப் பகுதியைப் பாடியிருந்தால் சபதத்தின் முடிவு வேறு பொருள் கொண்டிருக்கும் என்று நமக்குத் தோன்றுகிறது. அவர் பாடவில்லை. கூந்தலைக் குருதி பூசி முடிப்பேன் என்ற சூளுரையோடு நூலை நிறுத்திவிட்டார். கேள்வி கேட்டவள் பழி கேட்பவளாக மாறிவிடுகிறாள். கேள்வி சபையிலேயே கிடக்கிறது.

அன்று மாலை சபதம்வரை வாசித்து நூலை மூடினோம். இளையவர்கள் வீமனின் சூளுரையைப் புகழ்ந்து பேசிக்கொண்டிருந்தனர். திரைக்கு அப்பாலிருந்து அந்தப் பெண்மணி, "அதெல்லாம் இருக்கட்டும், அவள் கேட்ட இடத்தை இன்னொரு தடவை வாசியுங்கள்" என்றார். இஷாவுக்குப் பாங்கு சொல்லும்வரை அதையே வாசித்தோம்.