தள்ளாடும் கால், தெளிந்த கண்

குடித்துத் தள்ளாடுகிறவனைப் பார்த்து ரசிக்கத் தோட்டத்து மக்களுக்கு மனம் வராது. கள்ளுக்கடை என்ன செய்தது என்பது எங்கள் வீடுகளுக்குத் தெரியும். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில், கூலி உயர்வோடு கள்ளுக்கடைகளை மூடுவதும் இருந்தது. 1947இல் கெடாவின் பீடோங் பக்கம் தொண்டர் படை கிளம்பியதும் கள்ளை எதிர்த்துத்தான். பிரிஞ்சாங்கில், சுங்கை பாலாஸ் தேயிலைச் சரிவுகளை அண்டி வளர்ந்த எனக்கும் 'குடிகாரன்' என்பது வசைச்சொல்லாகத்தான் காதில் விழுந்தது.

அப்படியிருந்தும், வீடியோ விளையாட்டுகளின் சண்டைக்காரர்களில் என் மனசுக்கு நெருக்கமானவர்கள் எல்லாரும் குடிகாரர்கள்தான். இடுப்பில் சுரைக்குடுக்கை, சிவந்த மூக்கு, நேராக நிற்க மாட்டாத கால். ஆயிரம் வீரர்களுக்கு நடுவில் இவர்களில் ஒருவர் நின்றாலும் என் கை அங்கேதான் போகும். இதில் முரண்பாடு எதையும் நான் உணரவில்லை. காரணத்தைச் சொல்ல குடிகாரச் சண்டைக் கலையின் ஊற்றுக்கண்ணுக்குத்தான் போகவேண்டும்.

பிரிஞ்சாங், சீனக் காய்கறித் தோட்டக்காரர்களும் தமிழ்த் தேயிலைத் தொழிலாளர்களும் ஒரே கடைவீதியில் சாமான் வாங்கும் ஊர். ஹாங்காங் படங்கள் எங்களுக்கு அந்நியச் சரக்கே கிடையாது. சீனப் பெருநாள் வந்தால் தொலைக்காட்சியில் ஜாக்கி சான் வருவார். பேச்சு கேண்டனீஸ், அடியில் ஓடுவது மலாய் எழுத்து, பார்ப்பவர்கள் தமிழர்கள். அதைப் படித்து முடிப்பதற்குள் அடி விழுந்திருக்கும் என்பதால் எழுத்தை விட்டுவிட்டு உடம்பைப் பார்க்கப் பழகினோம். சண்டைப் படம் பார்க்க அதைவிட நல்ல பயிற்சி இருக்க முடியாது.

1978இல் வெளியான 'டிரங்கன் மாஸ்டர்'தான் இந்தப் பாத்திரங்கள் அத்தனைக்கும் தாய்வீடு. இயக்கியவர் யுவென் வூ பிங். பின்னாளில் 'தி மேட்ரிக்ஸ்' படத்துக்குச் சண்டை அமைத்தவரும், நம் ஈப்போவில் பிறந்த மிஷல் இயோவை 'குரோச்சிங் டைகர், ஹிடன் டிராகன்' படத்தில் பறக்கவைத்தவரும் அவர்தான். நாயகன் வோங் ஃபெய் ஹுங், 19ஆம் நூற்றாண்டில் குவாங்டோங்கில் உண்மையாகவே வாழ்ந்த மருத்துவர், தற்காப்புக் கலை ஆசான். 1949 முதல் குவான் டக் ஹிங் என்ற நடிகர் அவரைக் கண்ணியமே உருவான பெரியவராகப் பல பத்துப் படங்களில் நடித்து நிலைநிறுத்தியிருந்தார். யுவென் வூ பிங் அந்தப் பெரியவரை அடங்காப் பிள்ளையாக்கி, ஜாக்கி சானிடம் கொடுத்தார். பிள்ளையை வழிக்குக் கொண்டுவரும் பிச்சைக்கார சோவாக நடித்தவர் இயக்குநரின் சொந்தத் தந்தை யுவென் சியூ தியன். பீக்கிங் இசைநாடக மரபில் ஊறிய உடம்பு அவருடையது. கலைந்த நரைமுடி, பழைய அங்கி, குடுக்கை. அந்த உருவத்தை அவர் திரையில் நிறுத்திவிட்டு, அடுத்த ஆண்டின் தொடக்கத்திலேயே மறைந்தார். உருவம் மட்டும் இன்னும் சாகவில்லை.

படத்தின் பயிற்சிக் காட்சி ஒன்றைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஜாக்கி சான் கால்களை மேலே மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறார். கையில் இரண்டு சின்னக் கிண்ணங்கள். தரையில் இருக்கும் வாளியிலிருந்து தண்ணீரை மொண்டு, வயிற்றை மடக்கி எழும்பி, மேலே இருக்கும் வாளியில் ஊற்ற வேண்டும். மறுபடியும் தொங்கல், மறுபடியும் எழும்பல். மேல்வாளி ஒருவழியாக நிறைகிறபோது கிழவர் அதைத் திறந்துவிட, தண்ணீர் கீழே வடிந்துவிடும். இன்னொரு இடத்தில், விரல்களால் கொட்டைகளை உடைக்கும் பயிற்சி. குடிகாரச் சண்டையைக் கற்றுத்தரும் இந்தப் பாடங்களில் கிண்ணத்தில் இருப்பது பச்சைத் தண்ணீர். வயிறும் மணிக்கட்டும் இரும்பாகும்வரை மதுவுக்கு அங்கே வேலை இல்லை.

இந்தக் கலையின் சூட்சுமம் அங்கேதான். குடிகாரப் பாணி பயின்றவர்கள் சொல்வதுண்டு: உருவத்தில்தான் போதை, மனத்தில் இல்லை. உண்மையான குடிகாரன் விழுகிறான். இவர் விழுவதைத் தேர்ந்தெடுக்கிறார். இடுப்பு ஒரு பக்கம் சரியும்போது எதிரி அங்கே அடிக்கிறான். அடி போய்ச் சேரும்போது உடம்பு அங்கே இல்லை. சரிந்த கனம் அப்படியே முழங்கையில் ஏறித் திரும்பி வருகிறது. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் ஒரு சின்ன மதுக்கிண்ணத்தைப் பிடித்ததுபோல் வளைந்திருக்கும். அதே பிடிதான் அடுத்த கணம் எதிரியின் தொண்டையைக் கவ்வும். நேராக நிமிர்ந்து நின்று போடும் எந்தச் சண்டையையும்விடக் கடினமான வேலை இது. சமநிலையை முழுக்கக் கைக்குள் வைத்திருக்கிறவரால்தான் அதைத் தொலைத்ததுபோல் காட்ட முடியும்.

படத்தில் இந்தப் பாணி எட்டு அமரர்களின் பெயரால் எட்டுப் பகுதிகளாக வருகிறது. தாவோ மரபின் எட்டு அமரர்கள் சீன வீட்டு ஓவியங்களில் எல்லாரும் பார்த்தவர்கள்தான். நொண்டிக் காலர் லீயின் வலதுகால் உதை, பானையைக் கட்டிப்பிடித்த ஹானின் கைவளைவு, குழல் ஊதும் அமரரின் மணிக்கட்டு என்று ஒவ்வொருவருக்கும் ஒரு நடை. எட்டாவது, பெண் அமரரான ஹோவின் நடை. அது பெண்பிள்ளை ஆட்டம் என்று பையன் கற்காமல் தட்டிக்கழிக்கிறான். கடைசிச் சண்டையில், ஹுவாங் ஜாங் லீயின் பயங்கரமான உதைகளுக்கு முன் ஏழு நடையும் தீர்ந்துபோன பிறகு, கற்காமல் விட்ட அந்த எட்டாவதை அவனே அந்த இடத்தில் உருவாக்கவேண்டி வருகிறது. தலைவாருவதுபோல், கண்ணாடி பார்ப்பதுபோல் நளினம் காட்டிக்கொண்டே அடிக்கிறான். சண்டைக் காட்சிக்குள் ஒரு மாணவன் ஆசானாகிற கணம் இவ்வளவு சுத்தமாகப் பதிவான படம் வேறெதையும் நான் பார்த்ததில்லை.

பதினாறு ஆண்டு கழித்து, 1994இல், ஜாக்கி சான் மறுபடி அதே வேடத்துக்கு வந்தார். இரண்டாம் பாகத்தை இயக்கியவர் லாவ் கார் லியுங். இரும்பாலையில் கென் லோவோடு நடக்கும் முடிவுச் சண்டையை உடல்வித்தையின் உச்சம் என்றே சொல்வேன். அங்கே நாயகன் குடிப்பது தொழிற்சாலைச் சாராயம். அதன் விலையைக் காட்டும் கடைசிக் காட்சி ஒன்று ஹாங்காங் பதிப்பில் உண்டு. அமெரிக்காவில் வெளியிட்டபோது அதை வெட்டிவிட்டார்கள். மூளை கலங்கிய மனிதனை அதில் வேடிக்கையாகக் காட்டியது எனக்கு உவப்பாக இல்லை. கள்ளுக்கடை வாசலில் நின்ற குடும்பங்களுக்கு அது வேடிக்கையாகாது.

வியப்பு என்னவென்றால், அதே 1994இல்தான் கிழவர் விளையாட்டுப் பெட்டிக்குள் புகுந்தார். அதுவும் இரண்டு நிறுவனங்களின் வழியாக.

எஸ்என்கேயின் 'தி கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 94' விளையாட்டில் அவர் சின் கென்ட்சாய். அத்தேனா, கென்சூ என்னும் இளையவர்களின் ஆசான். பார்த்த மாத்திரத்தில் பிச்சைக்கார சோ நினைவுக்கு வருவார். குடுக்கையை வீசி அடிப்பார், நெருப்பைக் கொப்பளிப்பார். ஓவியம் அருமை, கையால் வரைந்த அந்தக் கிழவரின் அசைவில் உயிர் இருக்கிறது. ஆனாலும் தொடக்கத்தில் அவருடைய போதை பெரும்பாலும் உடையோடும் தோரணையோடும் நின்றுவிட்டது.

சேகாவின் 'விர்ச்சுவா ஃபைட்டர் 2' செய்தது வேறு. யூ சுசுகியின் குழு அந்த ஆண்டின் இறுதியில் கொண்டுவந்த அந்த விளையாட்டில் புதிதாகச் சேர்ந்த இருவரில் ஒருவர் ஷுன் டி. வெள்ளைத் தாடி, குடுக்கை, தாத்தா வயது. இவர் சண்டைக்கு நடுவிலேயே குடிக்கிறார். குடித்ததை விளையாட்டு எண்ணிக்கொண்டே வருகிறது. சில வித்தைகள் இத்தனை மிடறு உள்ளே போன பிறகுதான் கைக்கு வரும். வடிவமைப்பாளர்கள் படத்தின் சிரிப்பை எடுத்துக்கொள்ளாமல் தர்க்கத்தை எடுத்துக்கொண்டார்கள். ஒவ்வொரு மிடறுக்கும் நேரம் வேண்டும்; அந்த நேரத்தை எதிரியிடமிருந்துதான் பிடுங்கவேண்டும். ஆகவே ஷுன் டியை ஆடுகிறவர் எப்போதும் கணக்குப் போட்டபடி இருக்கிறார்: எதிரி விழுந்து கிடக்கிறான், மேலே பாய்ந்து அடிப்பதா, ஒரு வாய் குடித்துக்கொள்வதா? விரலைவிட மூளைக்கு அதிக வேலை வைக்கும் குடிகாரர் இவர்.

அவர் நிற்கும் விதத்தையும் சொல்லவேண்டும். இந்த வகை விளையாட்டில் அடிகள் மேல், நடு, கீழ் என்று மூன்று உயரத்தில் வரும். திறமையான ஆட்டக்காரர் எதிரியின் தோள் அசைவதை வைத்தே வரப்போவது எது என்று கண்டுகொள்வார். நொடிக்கு அறுபது படம் ஓடும் திரையில் அதற்குக் கிடைப்பது கண்சிமிட்டும் நேரம். ஷுன் டியிடம் அந்த வாசிப்பு எடுபடாது. சும்மா நிற்கும்போதே தோள் ஆடுகிறது, தலை தொங்குகிறது, கால் பின்னுகிறது. எந்த ஆட்டம் அடியின் தொடக்கம், எது வெறும் ஆட்டம்? திடீரென்று தரையில் படுத்துவிடுவார். மேலடி காற்றைத்தான் வெட்டும். கைகளை ஊன்றித் தலைகீழாக நிற்பார். முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார், அங்கிருந்தும் அடி வரும். சரிந்த உடம்பு எதிரியை ஏமாற்றும் என்ற படத்தின் அடிப்படை இங்கே விளையாட்டின் விதியாகவே ஆகிவிட்டது.

நாம்கோவின் 'டெக்கன் 2' வழியாக 1995இல் வந்த லெய் வூலோங் ஹாங்காங் போலீஸ்காரர். ஜாக்கி சானை வைத்தே செய்தவர் என்பது முகத்தைப் பார்த்தாலே தெரியும். பாம்பு, புலி, நாரை என்று விலங்கு நடைகளோடு குடிகார நடையும் அவருக்குப் பின்னால் கைவந்தது. விழுந்து செத்தவர்போல் கிடந்து, கிட்டே வந்தவனை உதைக்கும் வித்தை அவருடைய சொத்து. நடையிலிருந்து நடைக்கு அவர் நழுவுவது கண்ணுக்கு விருந்து. 2001இல் 'டெட் ஆர் அலைவ் 3' தந்த பிராட் வோங் இளைஞர், சோம்பேறி, ஆசான் சொன்ன ஓர் அபூர்வ மதுவைத் தேடி ஊர் சுற்றுகிறவர். படுத்த நிலையில் அவர் உதைக்கும் உதைகளில் எட்டு அமரர்களின் சாயல் நன்றாகவே தெரியும்.

அடுத்த ஆண்டு 'மோர்ட்டல் காம்பேட்' தொடரில் வந்த போராய்ச்சோவைப் பற்றி ஒரே வரி போதும். வாந்தி எடுத்து எதிரியை அதில் வழுக்கவைப்பது குடிகாரப் பாணி ஆகாது. அந்தக் கலையைச் செய்தவர்கள் அதில் உடம்பின் கட்டுப்பாட்டைப் பார்த்தார்கள், இவர்கள் கட்டுப்பாடற்ற உடம்பை மட்டும் பார்த்தார்கள்.

பிறகு நீண்ட காத்திருப்பு. 2023 ஜூனில் கேப்காமின் 'ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6' வந்தபோது அதில் ஜேமி இருந்தான். சைனாடவுன் தெருக்களுக்குத் தன்னைத்தானே காவலனாக நியமித்துக்கொண்ட இளவட்டம். பிரேக்டான்ஸும் குடிகார நடையும் கலந்த உடம்பு. அவனுடைய குடுக்கையில் இருப்பது மூலிகைக் கஷாயம் என்பது எனக்குக் கூடுதல் சந்தோஷம். ஒவ்வொரு சுற்றிலும் அவன் தெளிந்த ஆளாக, மற்றவர்களைவிடக் கொஞ்சம் பலம் குறைந்தவனாகத்தான் தொடங்குவான். நான்கு மிடறு வரை ஏற்றலாம். ஏற ஏற அடியின் கனம் கூடும், புதிய உதைகள் திறக்கும்.

அவனுடைய தொடர் அடி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கம் ஒன்றுதான், குத்துகளால் முடித்தால் கடைசியில் குடுக்கையைச் சாய்த்து ஒரு மிடறு குடித்துக்கொள்வான். உதைகளால் முடித்தால் மிடறு கிடையாது, எதிரிக்கு வலி அதிகம். இப்போதைய அடியா, பின்னால் வரப்போகும் பலமா? இந்தக் கேள்விக்கு ஆட்டக்காரர் ஒரு சுற்றுக்குள் பலமுறை, அதுவும் நொடியில் பாதிக்குள் பதில் சொல்லியாக வேண்டும். எதிரில் ஆடுகிறவருக்கும் அதே தவிப்பு: இவன் குடுக்கையைத் தூக்கப்போகும் கணத்தை முன்கூட்டியே பிடித்துவிட்டால் இலவசமாக ஓர் அடி. நான்காவது மிடறு உள்ளே போனதும் இருவரும் மௌனமாக நிமிர்ந்து உட்காருவதை நான் பார்த்திருக்கிறேன்.

தரவரிசை கேட்டால் ஷுன் டிக்குத்தான் முதல் இடம் கொடுப்பேன், ஜேமிக்கு அடுத்த இடம். ஜேமியின் ஆட்டம் அழகு. ஆனால் அவன் குடித்து முடித்த பிறகு வேகமான இன்னொரு இளைஞன், அவ்வளவே. கிழவரோ சண்டை முடியும்வரை தள்ளாடுகிறார், முடியும்வரை எதிரிக்குப் புரியாமலே இருக்கிறார். யுவென் சியூ தியன் அந்த ஒரு படத்தில் செய்து காட்டியதும் அதுதான்.

'விர்ச்சுவா ஃபைட்டர் 5 ரெவோ' 2025 ஜனவரியில் கணினிக்கு வந்துவிட்டது, ஷுன் டி அதில் இருக்கிறார். வீட்டுப் பிள்ளைகள் சண்டை விளையாட்டு ஆடுகிறவர்களாக இருந்தால், முதலில் அவர்களோடு உட்கார்ந்து 1978ஆம் ஆண்டுப் படத்தின் அந்தத் தண்ணீர்க் கிண்ணக் காட்சியைப் பாருங்கள். அதன் பிறகு கிழவரை அவர்கள் கையில் கொடுங்கள்.